பிராதில் நான் எழுதிய பெயர்

கார்த்திகை மாதம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, என் வலது கால் செருப்பு கழன்று வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் உள்ளே வந்துவிட்டேன். செருப்பு கழன்றதே எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "என்ன மதி, இதைக்கூடப் பாக்காம வர்ற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருந்தது.

என் பெயர் வளர்மதி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கரண்டு கம்பத்திலும் மெயின் போர்டிலும் இருக்குமே பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதற்கு மண்ணை அச்சில் அழுத்துகிற வேலை. காலால் மிதிக்கிற மெஷின். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை அழுத்தினால் அச்சு இறங்கும். பாதத்தைத் தூக்கினால் அச்சு ஏறும். அது ஏறியிருக்கும் நேரத்தில் கையை விட்டு மண்ணை வைக்க வேண்டும். பாதம் சொன்ன நேரத்துக்குத் தூக்கவில்லை என்றால் விரல் போய்விடும். என் பாதமோ தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கு தூக்கு என்று நான் சொல்கிறேன், அது அசையவே இல்லை.

ஆபரேஷன் எதற்கு என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், நம் பெண்கள் நிறையப் பேர் இதைப் பொறுத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்குக் கர்ப்பப்பை இறக்கம். மண் தட்டு தூக்கித் தூக்கி வந்தது. என் அண்ணனின் மனைவி சாந்தி அண்ணி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். அவர்கள்தான், "வயித்தைக் கிழிக்க வேணாம் மதி, கீழ் வழியாவே எடுத்துடலாம். நாலு நாள்ல வூட்டுக்கு வந்துடலாம்" என்று தைரியம் சொன்னார்கள். எல்லாம் சரி, முதுகில் ஊசி என்றதும் எனக்கு உதறல். எங்கள் கம்பெனியில் பத்துப் பெண்கள் இருந்தால் அதில் எட்டுப் பேர், "முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேந்து இடுப்பு போச்சு" என்று சொல்லுவார்கள். நான் அழுதேன். எனக்கு முழு மயக்கமே கொடுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

அண்ணி என் தலையைத் தடவி, "பைத்தியம், அது எல்லாரும் சும்மா சொல்றது. இன்னைக்கு வர்ற மருந்து எல்லாம் நல்ல மருந்து. நரம்புக்கு ஒண்ணும் ஆவாது. நான் உன் பக்கத்துலயே நிக்கறேன்" என்றார்கள். நான் நம்பினேன். பெற்ற தாய் சொன்னால்கூட அப்படி நம்பியிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் அன்று கடலூரிலிருந்து மயக்க டாக்டர் வந்தார். முதுகில் ஊசி போட்டார். இடுப்புக்குக் கீழே சூடு பரவியது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. என் கால் இரண்டையும் தூக்கி, மேஜையின் இரண்டு பக்கமும் இருந்த கட்டைகளில் வைத்துக் கட்டினார்கள். கட்டியது அண்ணிதான். ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். முடியவில்லை. கடைசியில் எனக்கு வலி தெரிய ஆரம்பித்து நான் முனகியதும், அந்த டாக்டர் என் கையில் இன்னொரு ஊசி போட்டுத் தூங்க வைத்தார்.

மறுநாள் விடிந்தபோது பின்பக்கமும் இரண்டு தொடையும் நெருப்பு போல எரிந்தது. மயக்க டாக்டர் பார்க்க வந்தார். காலை ஆட்டச் சொன்னார். இடது கால் நன்றாக ஆடியது. வலது கால் முழங்கால் வரைக்கும் ஆடியது, பாதம் ஆடவில்லை. அவர் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணியிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். அட்டையில் எழுதினார். போய்விட்டார்.

"என்ன அண்ணி சொன்னாரு?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. மரமரப்பு போவ நாளாவுமாம்."

தொடை எரிச்சல் நாலு நாளில் தானாகப் போய்விட்டது. பாதம் மட்டும் அப்படியே இருந்தது. பத்து நாள் ஆனது. இருபது நாள் ஆனது. நான் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன், பாதம் தரையில் சப்பு சப்பென்று விழுந்தது. கம்பெனியில் என் மெஷினில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளி நல்லவர், "கால் சரியானதும் வாம்மா" என்றார். சரியாகாவிட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணியிடம்தான் மறுபடி மறுபடி கேட்டேன். ஒருநாள் அவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்: "யாருகிட்டயும் சொல்லாத. அந்த டாக்டரு ஊசியைத் தப்பா போட்டுட்டாரு. நரம்புல பட்டுடுச்சு. எனக்கு வேலை போயிடும், என் பேரை இழுக்காத."

எந்த ஊசிக்கு நான் பயந்தேனோ அதே ஊசி. எட்டுப் பெண்கள் சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள், என் நாக்கு அன்று பேசாதது எதுவும் பாக்கி இல்லை.

போலீசுக்குப் போக எங்களுக்குத் தெம்பில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வேறொரு ஸ்டேஷன் இருக்கிறது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே முருகப்பெருமானிடம் பிராது எழுதிக் கொடுக்கலாம். யாருக்கு என்ன அநியாயம் நடந்தது, யார் செய்தார்கள் என்று காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, மடித்து நூல் சுற்றி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று நாள், இல்லை மூன்று வாரம், இல்லை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். காரியம் ஆனதும் மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

மார்கழி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அண்ணிதான் என்னைக் கைத்தாங்கலாக ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். பிராது எழுதித் தருகிறவர் என் பெயர், என் ஊர் எல்லாம் கேட்டு எழுதினார்.

"எதிராளி யாரும்மா?"

"ஊசிங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஊசிக்குக் கையா காலா இருக்குது? சாமி யாரைப் போயி விசாரிப்பாரு? போட்ட ஆளு பேரைச் சொல்லும்மா."

எனக்கு டாக்டரின் பெயர் முழுதாகத் தெரியாது. அண்ணி பக்கத்திலிருந்து சொன்னார்கள். பெயர், இனிஷியல், கடலூரில் எந்தத் தெரு என்பது வரைக்கும் சொன்னார்கள். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். வேலில் நூலைக் கட்டும்போது என்னால் எம்பி நிற்க முடியவில்லை, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள்தான். நான் அழுததைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். முருகன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கடலூர் என்ன காசியா, போய் விசாரிக்க இவ்வளவு நாளா என்று சாமி படத்தின் முன்னால் நின்று சத்தமாகவே கேட்டேன்.

தை பிறந்து மூன்றாம் வாரம், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் நடந்துபோகும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க. எத்தனை நாளா இப்படி நடக்கறீங்க?"

திரும்பினேன். அதே மயக்க டாக்டர். அன்றைக்கு அங்கே ஏதோ ஒரு ஆபரேஷனுக்கு அவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு என் முகம் ஞாபகம் இல்லை, என் நடையைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க போட்ட ஊசிதான் சார். உங்க மேல பிராது குடுத்திருக்கேன்" என்றேன்.

"போலீஸ்லயா?"

"கொளஞ்சியப்பர்கிட்ட."

அவர் முகம் மாறியது. படித்தவர், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. என் அருகில் வந்தார். அப்புறம், "அவருகிட்டயா? அப்ப நான் பதில் சொல்லித்தான் ஆவணும். உக்காருங்கம்மா" என்று பெஞ்சைக் காட்டினார்.

எந்த ஆஸ்பத்திரி, எப்போது என்று கேட்டதும் அவருக்கு என்னை ஞாபகம் வந்தது; அப்புறம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சிறுநீர் சரியாகப் போகிறதா, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா, இடது கால் எப்படி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "அந்த மருந்து எல்லாமே அளவு மீறினா நரம்புக்கு விஷம்தான்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது கெடுத்திருந்தா நான் கேட்டதுல ஏதாவது ஒண்ணு போயிருக்கும். ஒரு பாதம் மட்டும் தனியா விழாது" என்றார்.

பிறகு என் வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தட்டினார். சுரீரென்று பாதம் வரைக்கும் கரண்டு ஓடியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையையும் தட்டிப் பார்ப்போம். கீறல் விட்டது கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் தட்டியதும் எனக்குப் புரிந்துபோனது, கீறல் முதுகில் இல்லை, இங்கே இருக்கிறது என்று.

"இந்த எலும்பு மேல ஒரு நரம்பு ஓடுது. தோலுக்கு அடியிலயே இருக்குது, பாதுகாப்பே கிடையாது. காலைத் தூக்கிக் கட்டும்போது கட்டைக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை வெக்கணும். வெக்கலைன்னா நசுங்கிடும். மறுநாளே பாத்தேனேம்மா. இந்த இடத்துல கன்னிப்போன தழும்பு இருந்துச்சு. நரம்பு டாக்டருகிட்ட அனுப்பணும், பாதம் தொங்காம இருக்க உடனே பட்டை போடணும்னு ஸ்டாஃப்கிட்ட சொன்னேன், ஷீட்டுலயும் எழுதினேன். சாயந்தரம் போன் பண்ணிக் கேட்டேன். சரியாயிடுச்சு சார்னு சொன்னாங்க."

"எந்த ஸ்டாஃப் சார்?"

"உங்க சொந்தக்காரங்கன்னு சொன்னாங்களே, அவங்கதான்."

அவர் அப்புறம் சொன்னதையும் நான் மறைக்கக் கூடாது. முதல் நாலு நாள் தொடை எரிந்தது என்றேன் அல்லவா? அதற்குத் தானே காரணமாக இருக்கலாம் என்றார். "வழக்கமா நான் போடறது புபிவகெய்ன். அன்னைக்கு அங்க ஸ்டாக் இல்ல. பழைய மருந்து லிக்னோகெய்ன்தான் இருந்துச்சு. காலைத் தூக்கி வெச்சுப் பண்ற ஆபரேஷன்ல அது சில பேருக்கு அப்படி எரியும், தானா போயிடும். தெரிஞ்சேதான் போட்டேன். இன்னொரு நாள் பண்ணலாம்னு நான் சொல்லியிருக்கணும். உங்ககிட்ட நேரா தமிழ்ல பேசியிருக்கணும். அது ரெண்டும் என் தப்பு. பாதம் என் தப்பு இல்லைம்மா."

யாரும் கேட்காமல் தன் தப்பைத் தானே சொன்ன மனிதர் மேல்தான் நான் பிராது கொடுத்திருந்தேன். அவரே பாண்டிச்சேரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே கரண்டு வைத்து நரம்புச் சோதனை செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருக்கிறது, அறுந்துபோகவில்லை, திரும்பிவிடும் என்றார்கள். பாதத்துக்குப் பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது என்றும் சொன்னார்கள்.

அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டே அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி என் காலைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை.

"மெத்தை வெச்சீங்களா அண்ணி?"

அண்ணி என் எதிரே உட்கார்ந்தார்கள். அப்புறம், "துவைக்கப் போயிருந்துச்சு மதி. துணியை மடிச்சு வெக்கலாம்னுதான் நெனச்சேன். அவசரத்துல மறந்துட்டேன்" என்றார்கள்.

"மறந்தது சரி. டாக்டரு மறுநாளே சொன்னாரே."

"ஷீட்டை ஆபரேஷன் பண்ண டாக்டரம்மா பாத்தா வேலை போயிடும்னு பயந்து மறைச்சுட்டேன். ஊசின்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நீயே நம்புவ."

"எம் பாதம் போயிடுமேன்னு பயம் வரலையா?"

அண்ணி கீழே வைத்த முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"சரி, கோயிலுக்கு எதுக்கு வந்தீங்க? அவரு பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"நீ தனியாப் போவ முடியாதேன்னுதான் வந்தேன்" என்றார்கள். "உன் கால் நல்லாவணும்னு நானும்தான் அங்க வேண்டிக்கிட்டேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம், மனிதர்கள்தானே. மறைத்ததைக்கூட என்றைக்காவது பொறுத்துக்கொள்ளலாம், வயிற்றுப் பிழைப்பு. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாமி எதிரில், வேறு ஒருவர் பெயரை இனிஷியலோடு சொன்ன அந்த வாயை நான் என்ன செய்வது? அவர்கள் அழுதது பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, முருகா முருகா என்று பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் செய்வதுதான். அன்றைக்குக் கட்டைவிரல் அசைந்தது. ஒரு நெல்லளவுதான். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சோப்புக் கையோடு ஓடிவந்தார். மறுபடி அசைத்துக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் மற்ற விரல்களும் வந்தன. பங்குனி பிறந்தபோது பாதம் தூக்கியது. கம்பெனிக்குப் போய், மண் வைக்காமல் வெறும் மெஷினை முப்பது நாற்பது தடவை மிதித்துப் பார்த்தேன். அச்சு இறங்கியது, ஏறியது. முதலாளி அந்தப் பெண்ணைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றினார்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் மணவாளநல்லூருக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக, நடந்தே போனேன். பிராது எழுதுகிறவரிடம் வாபஸ் என்றேன்.

"காரியம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. ஆனா பேருதான் தப்பு. யாரு மேல குடுத்தேனோ அவரையே சாமி எனக்கு வைத்தியம் பாக்க அனுப்பிட்டாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சரியான பேருல புதுசா ஒண்ணு எழுதிடலாமா?"

அண்ணியின் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. முன்னால் வேல் தெரிந்தது, அதில் ஆயிரம் காகிதம். அதில் எத்தனை தப்புப் பெயர் இருக்கிறதோ. ஒரு நல்ல மனிதர் பெயரை விசாரிக்காமல் எழுதிக் கட்டிய கை என் கையும்தானே.

"எழுதுங்க" என்றேன்.

"எதிராளி?"

"வளர்மதி."

"அது உன் பேராச்சேம்மா."

"ஆமாங்க. என் மனசு மேலதான் பிராது. ஒருத்தரை மன்னிக்க மாட்டேங்குது. சாமி விசாரிக்கட்டும்."

அவர் எழுதிக் கொடுத்தார். நானே குதிகாலைத் தூக்கி, எம்பி நின்று கட்டினேன்.

அன்பர்களே, என்னை அவர் கைவிடவில்லை. மூன்று வாரத்தில் ஆளை அனுப்பினார், மூன்று மாதத்தில் காலைக் கொடுத்தார். இப்போது நான் எந்த டாக்டரிடம் போனாலும், "என்கிட்டயே சொல்லுங்க, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்கிறேன். முதுகில் ஊசி என்று கம்பெனியில் யாராவது அழுதால், ஊசியைப் பற்றி டாக்டரிடமே கேள், மருந்து என்ன என்று கேள், அப்படியே கால் வைக்கும் கட்டையில் மெத்தை இருக்கிறதா என்றும் கேள் என்கிறேன். உங்களுக்கும் தீராத குறை இருந்தால் கொளஞ்சியப்பரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆனால் எதிராளியை நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், அவரே நிரப்பிக்கொள்வார்.

அண்ணியை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தச் சாட்சி நன்றாக முடியும். அது பொய். அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அண்ணனிடம் ஒரு தூக்குப் பாத்திரம் கொடுத்தனுப்புகிறார்கள். நான் மூடியைத் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் இரண்டாவது பிராது இன்னும் வேலில்தான் இருக்கிறது, மூன்று மாதம் ஆகவில்லை.

போன வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன். புளிசாதம், எனக்குப் பிடிக்கும் என்று வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தார்கள். சாப்பிடவில்லை. திறந்து மட்டும் பார்த்தேன்.